வகுப்பே பார்த்த திருட்டு

குற்றவியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று மாமா சிரித்த சிரிப்பில் அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எதிரே இருந்த அம்மாவின் மேல் தெறித்தது.

"திருடறவனே படிச்சுட்டுத் திருடறதில்ல. அவனைப் பத்திப் படிக்க உனக்கு மூணு வருஷமா?" என்றார்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். வீட்டில் எது நடந்தாலும் வந்து உட்கார்ந்து ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலே தீர்ப்புச் சொல்கிற ஆள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. நல்ல நாற்காலியும் அவருக்குத்தான் போடுவார்கள்.

அவள் அசரவில்லை. போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த ஒரு மாதத்தில் வகுப்பில் அவளுக்குத் துருவி என்று பேர் வைத்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் ஏன், எப்படி, யார் பார்த்தது என்று சுரண்டிக்கொண்டே இருப்பாள். கேன்டீனில் பாட்டிலில் தண்ணீர் குறைந்திருந்தால்கூடக் கடைசியாகக் குடித்தது யார் என்று விசாரிப்பாள். மதிப்பெண்ணும் வந்தது, திமிரும் கூடவே வந்தது. வரட்டும். ஒன்றும் தெரியாதவன் திமிரை ஊரே பொறுத்துக்கொள்ளும்போது, நாலு விஷயம் தெரிந்த பெண்ணுடையதைப் பொறுத்தால் குறைந்தா போய்விடும்?

படிப்பு என்று பலகை மாட்டி ஏமாற்றுகிற இடம் ஏராளம். இந்தத் துறையில் கொஞ்சம் சரக்கு இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேராசிரியர் ஒல்லி ஆள், குரல் மட்டும் கனம். நடக்கிற திருட்டில் போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பார்ப்பது கொஞ்சம், வீட்டுக்குள்ளேயே அமுக்கப்படுவது நிறைய என்பார். இரண்டாம் ஆண்டில் அதையே வேலையாகக் கொடுத்தார். திருட்டுக் கொடுத்துவிட்டுப் புகார் கொடுக்காமல் இருந்த ஒருவரைப் பிடித்து, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுப் பதிவு செய்து வர வேண்டும்.

கேட்பதற்கு முன்னால் ஒரு நீளமான அறிவிப்பைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது சட்டம். உங்கள் பெயர் எங்கும் வராது, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அது பாட்டுக்குப் போகும். பிள்ளைகள் அதற்கு மந்திரம் என்று பேர் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் தலையையும் வாலையும் படித்துவிட்டு நடுவை முழுங்கிவிடுவார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. பதிவுகள் எல்லாம் பேராசிரியரின் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்க வேண்டும், போனில் இருப்பதை அழித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் பத்திரமாம். ஒரே இடத்தில் இருந்தால் ஒரே தடவையில் போய்விடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவள் பிடித்த ஆள் சித்தி.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. தையல் கடையில் துணி வெட்டுகிற வேலை. கத்தரிக்கோல் மாதிரியே பேச்சும் இருக்கும். பல வருஷத்துக்கு முன்னால் சித்தியின் பீரோவிலிருந்து ஒரு ஜோடித் தங்க வளையல் காணாமல் போனது. பூட்டு உடையவில்லை, ஜன்னல் பெயரவில்லை. ஸ்டேஷன், கோர்ட் என்று அலையாதே, போனது போகட்டும் என்று மாமா தீர்ப்புச் சொல்ல, அதோடு கதை முடிந்தது. அதைத்தான் துருவப் போனாள்.

சித்தி ஊசியில் நூல் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். இவள் போனை நடுவில் வைத்து மந்திரத்தை ஆரம்பித்தாள். சித்தி இரண்டு தடவை நிறுத்தப் பார்த்தாள், இவள் விடவில்லை. ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் முதல் கேள்வி. எடுத்தது யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றுதான் வரும் என்று நினைத்திருந்தாள்.

"உங்க மாமாதாண்டி," என்றாள் சித்தி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கண்ணாடில பாத்தேன். பீரோவை மூடிட்டு, மூடினது சரியா இருக்கான்னு இழுத்து வேற பாத்தாரு."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று இவள் கேட்டாள்.

"சொன்னா உங்கம்மா அண்ணனை விட்டுடுவா. நம்பலைன்னா என்னை விட்டுடுவா. ரெண்டும் எனக்கு வேண்டாம். வளையல் இல்லாம கை நல்லாத்தான இருக்கு." நூலைப் பல்லால் கடித்தாள். "நீ கேட்டே, சொன்னேன். ஆனா இது வெளிய போச்சுன்னா, அன்னிலேருந்து உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். உன் முகத்துலயும் முழிக்க மாட்டேன்."

போகாது என்று இவள் சொன்னாள். தைரியமாகத்தான் சொன்னாள். சட்டம் எல்லாம் அவளுக்குத் தெரியுமே.

வகுப்பில் முதலில் பதிவைக் கொடுத்தவள் அவள்தான். லேப்டாப்பில் முதல் எண்ணில் போய் உட்கார்ந்ததும் அதுதான். பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. துறை விழாவில் பெயர் எதுவும் இல்லாமல் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசு என்றார். பெற்றோருக்கும் அழைப்பு. அம்மா பூரித்துப் போய் மாமாவிடம் சொல்ல, நம்ம வீட்டுப் பெண் திருட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்காமல் இருக்க முடியுமா என்று அவரும் கிளம்பினார். சித்தியிடம் நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று இவள் காதைக் கடித்தாள். நான் வராமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்றாள் சித்தி.

விழா மத்தியானம். காலையில் எப்போதும் போல வகுப்பு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பேராசிரியர் வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள்ளேயே ஒரு திருட்டு நாடகம் நடத்துவார். முன்பின் தெரியாத ஒருவன் திடீரென்று வந்து எதையாவது தூக்கிக்கொண்டு போவான். பிறகு, பார்த்ததை எழுதுங்கள் என்பார். கண்ணால் பார்த்த சாட்சி எவ்வளவு உளறும் என்று காட்டத்தான் இது. என்றைக்கு என்று சொல்ல மாட்டார். மேல் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி இந்த வகுப்பு மொத்தமும் அந்தத் திருடனுக்காகக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பது போல் காத்திருந்தது.

அன்றைக்குப் பாதி வகுப்பில் பேராசிரியர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பக்கம் அவர் தலை மறைந்தது, இந்தப் பக்கம் ஒருவன் உள்ளே வந்தான். மேசைக்கு நேராகப் போனான்.

"சார் லேப்டாப் இதுதான?" என்று பொதுவாகக் கேட்டான்.

வகுப்பு மூச்சு விடவில்லை. அத்தனை பேரும் பேனாவைத் திறந்தார்கள். நாடகத்தில் குறுக்கே போகக் கூடாது என்பது கேள்விப்பட்டதுதான். அவன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். ஒரு கூட்டமே தன்னை உற்று உற்றுப் பார்த்து எழுதுவதைக் கண்டு, சட்டைப் பொத்தான் ஏதும் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வாசல் பெஞ்சில் ஜாமீன் இருந்தான். யார் என்ன தப்பு செய்தாலும் பரிந்து பேசி வெளியே எடுப்பதால் வந்த பேர். அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, "பாத்துப் போங்கண்ணா, படி இருக்கு," என்று வேறு சொன்னான்.

துருவியும் எழுதினாள். இடது காலை லேசாகத் தாங்கி நடக்கிறான் என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

பேராசிரியர் திரும்பி வந்தபோது வகுப்பு கைதட்டியது. ஆள் பிரமாதம் சார், எங்கே பிடித்தீர்கள் என்று ஜாமீன் கேட்டான். அவர் மேசையைப் பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார்.

"என் ஆள் அடுத்த வாரம்தான்யா வரான்," என்றார். அந்தக் கனமான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

கைதட்டல் அப்படியே நின்றது. துருவி மட்டும் வெறும் மேசையையே பார்த்தாள். அந்த லேப்டாப்பில் முதல் எண்ணில் சித்தி உட்கார்ந்திருக்கிறாள்.

காவல் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வளாகத்துக் காவலைப் பார்க்கிற பெரிய மீசைக்காரர். வந்தவர் எழுதியதை எல்லாம் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க மீசை இறங்கியது. ஒருவன் நெட்டை என்றிருந்தான், பக்கத்தில் இருந்தவன் குட்டை என்றிருந்தான். சட்டை நீலம், சாம்பல், பச்சை. தாடி உண்டு, இல்லை, அரும்பு. ஒரு பெண் கண்ணில் குற்ற உணர்வு என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் சிறுவயதில் அன்பு கிடைக்காதவன் போலத் தெரிந்தது என்றே எழுதிவிட்டான்.

"இத்தனை பேரை நான் எங்கம்மா போய்ப் பிடிக்கிறது?" என்றார் காவல் அதிகாரி. "ஒரு பஸ்ஸே வேணும்."

வாசல்களை அடைத்துப் போகிற வருகிறவர்களை எல்லாம் சோதிக்கிறேன் என்று கிளம்பப் பார்த்தார். அதிகாரிகளுக்கு எதுவும் புரியவில்லை என்றால் எதையாவது அடைப்பார்கள். துருவி எழுந்து நின்றாள். பயம் இருந்தது. ஆனால் பயந்துகொண்டே யோசிக்க அவளுக்குத் தெரியும்.

நாங்கள் எழுதியது எல்லாம் பாடத்தில் வருகிற திருடன், வந்தவனை யாருமே எழுதவில்லை, நான் எழுதிய நொண்டிக் காலும் புருடாதான் என்று போட்டு உடைத்தாள். பேராசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என்ன பண்ணலாங்கிறே?"

"யாரும் வாயைத் திறக்க வேண்டாம் சார். அவன் செஞ்சதை ஒவ்வொருத்தரும் கையால காட்டட்டும். ஒருத்தர் காட்டும்போது மத்தவங்க சுவத்தைப் பாக்கணும்."

முதலில் ஜாமீன். மேசைக்குப் போனான், இல்லாத ஒயரைப் பிடுங்கினான், சுருட்டினான். உள்ளங்கையில் பிடித்து முழங்கைக்குக் கீழே கொண்டுபோய் மறுபடி உள்ளங்கைக்கு. அடுத்து வந்த பெண்ணும் உள்ளங்கை, முழங்கை, உள்ளங்கை. நெட்டை என்று எழுதியவனும் அப்படித்தான், குட்டை என்று எழுதியவனும் அப்படித்தான். ஒயரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கைக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

"இப்ப லேப்டாப்பைத் தூக்கு," என்றாள் ஜாமீனிடம். பேராசிரியர் தன் தடி நோட்டையே லேப்டாப்பாக நீட்டினார். ஜாமீன் அதை மார்போடு அணைத்து, மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நடுவே நாலு விரலை நுழைத்துக்கொண்டான்.

"விரல் எதுக்கு நடுவுல?"

"அவன் வச்சிருந்தான். நான் கதவைத் திறந்தப்ப விரல்ல வெளிச்சம் அடிச்சுது."

"மூடினா பூட்டிக்கும். பாஸ்வேர்ட் கேக்கும்," என்றார் பேராசிரியர்.

"விக்கிறவனுக்கு அதைப் பத்தி என்ன சார் கவலை? உடனே அதுல வேலை இருக்கிறவன்தான் மூடாம கொண்டு போவான்." அவள் குரல் திடமாகிக்கொண்டே வந்தது. "முழங்கைல ஒயர் சுத்துறது யாரு?"

"மைக் செட்காரங்க," என்றான் ஜாமீன்.

வகுப்பு சிரித்துவிட்டது. காவல் அதிகாரிக்கு மீசை மறுபடி ஏறியது. திருட்டே இல்லை. விழா அரங்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் காலையில் படுத்துவிட்டது. பேராசிரியரின் லேப்டாப்பை வாங்கி வா என்று அலுவலகத்தில் மைக் செட்காரனை அனுப்பியிருக்கிறார்கள். பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர், பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார். அலுவலகம் என்றால் அப்படித்தான். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். மைக் செட்காரன் மைக்கை மாட்டியதும் என்ன செய்வான்? ஸ்பீக்கர் பேசுகிறதா என்று பார்ப்பான். எதை வைத்துப் பார்ப்பான்? கண்ணில் படுகிற முதல் ஒலியைத் தட்டுவான்.

கதவை நோக்கி அவள் திரும்பிய நேரத்தில் மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் ஊருக்கே கேட்கிற மாதிரி எழுந்தது.

"வணக்கம். இந்த உரையாடல் ஆய்வுக்காக மட்டும் பதிவு செய்யப்படுகிறது."

அவள் குரல்தான்.

ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே கழன்றது, திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று அவளுடைய குரல் மைதானத்து மரங்களுக்கெல்லாம் உறுதி சொல்லிக்கொண்டிருந்தது. கேன்டீன் வாசலில் நின்றவர்கள் டீயைப் பிடித்தபடி அண்ணாந்து கேட்டார்கள். உங்கள் பெயரோ, உங்கள் குடும்பத்தார் பெயரோ எங்கும் வராது என்றது ஸ்பீக்கர். அதற்குள் இன்னொரு குரல்.

"ஏண்டி, இதெல்லாம் எதுக்கு எங்கிட்ட படிக்கிற? கேக்க வந்ததைக் கேளேன்."

அரங்கத்துக்குள் சிரிப்புக் கேட்டது. அவள் ஓடியபடியே தன் குரலைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டாள். விடாதே, படி, மிச்சத்தையும் படி. குரல் விடவில்லை. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். மற்றவர்கள் முழுங்குகிற நடுப்பகுதி முழுசும் நிதானமாக, எழுத்து எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. வேறு யாருடைய பதிவாக இருந்தாலும் இந்நேரம் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அரங்கத்து வாசலில் நுழைந்தபோது முன் வரிசை தெரிந்தது. அம்மா, மாமா, சித்தி. நல்ல நாற்காலி பிடிக்க மாமா நேரத்தோடேயே கூட்டி வந்துவிட்டிருந்தார். மூன்று பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடை ஓரத்தில் மைக் செட்காரன் ஸ்பீக்கரில் காதை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"முதல் கேள்வி," என்றது ஸ்பீக்கர். "எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

படியில் ஏற நேரமில்லை. மேடைக்குக் கீழே சுவரோரம் ஓடிய தடித்த ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. விளக்கு, விசிறி, ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாகச் செத்தன.

"ஏம்மா, கரண்ட் அடிச்சு விழுந்திருந்தா யார் பதில் சொல்றது?" என்றான் மைக் செட்காரன். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நீயும் அந்த கிளாஸா? உங்க கிளாஸ்ல எல்லாருக்குமே ஏதோ ஆயிருக்கு," என்றான்.

அவள் லேப்டாப்பை மூடினாள். நன்றாக அழுத்தி மூடினாள். அதை அணைத்துக்கொண்டு முன் வரிசைக்கு வந்தபோது அரை இருட்டு. ஜன்னல் வெளிச்சத்தில் மாமாவின் பாதி முகம்தான் தெரிந்தது.

"அது உன் குரல் மாதிரி இருந்துதே," என்றார் சித்தியிடம்.

அம்மாவும் திரும்பினாள். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

"என் குரல்தாண்ணே," என்றாள் சித்தி. "வளையல் போச்சுல்ல, அதைப் பத்திக் கேட்டா. தெரிஞ்சதைச் சொன்னேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சது தெரியும்." சித்தி புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "கண்ணாடில பாத்ததைச் சொன்னேன். வெளிய வராதுன்னு புள்ளை சொல்லியிருக்கா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, வராது."

கண்ணாடியில் என்னத்தைப் பார்த்தே என்று அம்மா கேட்டாள். என் மூஞ்சியைத்தான் என்றாள் சித்தி. அம்மா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. தண்ணீர் வேண்டும் போல வாயைத் திறந்தார், மூடினார். அவர் இருந்த நாற்காலி அதே நாற்காலிதான். உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் அளவில் சிறுத்துப் போயிருந்தார்.

பேராசிரியர் வந்து சேர்ந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். மைக் செட்காரனுக்குக் கொடுக்கப் பதிவு எதுவும் இல்லாத வேறு ஒரு லேப்டாப்பைத் துறையிலிருந்து கொண்டுவரச் சொன்னார். இனிமேல் பதிவுகளைப் பூட்டி வைப்பேன் என்று அவளிடம் சொன்னார். நல்ல மனிதர். ஆனாலும் பூட்டியதை அவள் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

விழா நடந்தது. ஒரு கால் செருப்போடு மேடை ஏற முடியாதென்று மற்றதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். போலீஸுக்குப் போகாத திருட்டுகளைப் பற்றிப் பேசினாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, வளையல்கூட இல்லை. பறிகொடுத்தவர்கள் பயந்துதான் வாயை மூடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், சிலர் எல்லாரையும் ஒன்றாக வைத்திருக்க மூடுகிறார்கள், அந்த மௌனத்தின் மேல் ஏறி எடுத்தவன் சுகமாக உட்கார்ந்துகொள்கிறான் என்றாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது. மாமாவும் தட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது காரில் முன் சீட்டு எப்போதும் மாமாவுக்குத்தான். அன்றைக்குச் சித்தி கதவைத் திறந்து அதில் உட்கார்ந்தாள். மாமா பின்னால் ஏறினார். வழி நெடுக ஒரு தீர்ப்புக்கூட வரவில்லை. உடம்பு சரியில்லையா அண்ணே என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

வீட்டில் தனியாகக் கிடைத்த நேரத்தில் துருவி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு நடந்துவிட்டது, ஊருக்குக் கேட்கிற அளவுக்குப் போய்விட்டது, நாளைக்கே அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்கிறேன் என்றாள்.

"எதுக்குடி அழிக்கிற?" என்றாள் சித்தி. "இருக்கட்டும். அண்ணன் ஒழுங்கா நடந்துக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

"சித்தி, அதுக்குப் பேரு மிரட்டல். நாலாவது பருவத்துல தனிப் பாடமே இருக்கு."

சித்தி கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப அதையும் நல்லாப் படி," என்றாள்.